வாளையாருக்கு இருபுறமும் வேலை

கோயம்புத்தூர் உக்கடம் பேருந்து நிலையத்திலிருந்து பாலக்காடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். குனியமுத்தூர், மதுக்கரை, எட்டிமடை, க.க.சாவடி வரை தமிழ்நாடு. வாளையார் தாண்டினால் கஞ்சிக்கோடு, புதுசேரி, சந்திரநகர் என்று கேரளம். (இந்தப் புதுசேரி பாலக்காட்டுப் பக்கத்து ஊராட்சி, கடலோரப் புதுச்சேரியோடு அதற்கு உறவில்லை.) இரண்டு மாநிலங்கள், இரண்டு ஆட்சிமொழிகள், இரண்டு குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகள். ஆனால் வேலை தேடி வருபவருக்கு இது ஒரே சாலை. காலையில் கஞ்சிக்கோட்டு உருக்காலைக்குப் போகும் ஆளும் கோவை குறிச்சிப் பட்டறைக்கு வரும் ஆளும் எதிரெதிர்த் திசையில் இதே வழியில்தான் கடக்கிறார்கள். கோவையின் மேற்கு, தெற்குப் புறநகர் இன்று மாநில எல்லையைத் தாண்டிப் பரவியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த வழி இங்கே அமைந்ததற்கு மலைதான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவராக நிற்க, பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறது. சென்னையிலிருந்து அரபிக்கடல் கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை 1862இல் முழுமை பெற்றபோது, அது இந்தக் கணவாய் வழியாகவே போனது. 1888இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1932இல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்ததும் ஆலைகள் பெருகின. கரிசல் காட்டுப் பருத்தியும் மலை மின்சாரமும் கணவாய் ரயிலும் ஒன்றுகூடிய ஊர் அது. கிணற்று நீரை இறைக்க மோட்டார் தேவைப்பட்டது. மோட்டாருக்கு வார்ப்படம் தேவைப்பட்டது. வார்ப்படத்தைக் கடைய லேத் தேவைப்பட்டது. இப்படி ஒரு தொழில் இன்னொன்றை ஈன்று, பம்ப்செட்டுக்கும் வெட் கிரைண்டருக்கும் நாடு முழுக்கப் பேர்போன ஊராகக் கோவை ஆனது.

2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சரவணம்பட்டி, வடவள்ளி, துடியலூர் போன்ற பேரூராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்து வார்டுகள் 100 ஆயின. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத் தொகுதியின் மக்கள்தொகை 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வளர்ச்சியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். வடகிழக்கே சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி ஆகியவை கணினித் தொழிலின் பக்கம். 2010இல் டைடல் பூங்கா வந்தது. 2024 நவம்பரில் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் புதிய கட்டடமும் அங்கே திறக்கப்பட்டது. பொறியியல் பட்டமும் சரளமான ஆங்கிலமும் உள்ளவர்கள் தேடிப்போகும் இடம் அது. அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. தெற்கிலும் மேற்கிலும் உள்ள இரும்புப் பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பிள்ளைக்கு முதல் வேலை கிடைப்பது அங்கேதான்.

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை, சுந்தராபுரம், ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி என்று பொள்ளாச்சி சாலையை ஒட்டியும் உள்ளே கிளைத்தும் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சொந்தமாக எந்தப் பொருளையும் கடைக்கு அனுப்புவதில்லை. அவை நடப்பது ஜாப் ஆர்டரில். ஒரு பெரிய பம்ப் கம்பெனியோ வால்வு கம்பெனியோ வண்டி உதிரிபாகக் கம்பெனியோ வார்ப்படத்தையும் டிராயிங்கையும் கொடுத்துவிடும். பட்டறைக்காரர் அதைக் கடைந்து, துளையிட்டு, அளவு சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பார். கூலி பீசுக்கு இவ்வளவு என்று. இந்த ஏற்பாடு வேலை தேடுபவருக்கு இரண்டு விதமாகப் பொருள்படும். முன் அனுபவம் இல்லாதவரையும் ஹெல்பராக உடனே எடுத்துக்கொள்வார்கள், இது முதலாவது. ஆர்டர் சுருங்கினால் பெரிய கம்பெனி தன் ஆட்களை வைத்துக்கொண்டு வெளி ஆர்டரைத்தான் முதலில் நிறுத்தும், இது இரண்டாவது. சந்தை மந்தமானால் அடி முதலில் விழுவது பட்டறையின் கடைசி ஆள்மேல்.

அந்தப் பட்டறைக்குள் ஏணி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. ஹெல்பராகச் சேர்பவர் சுமை தூக்கி, பிசிறு தட்டி, இரும்புத்தூள் வாரி ஆறேழு மாதம் கழிப்பார். பிறகு மெஷினில் பீஸ் மாட்டிக் கழற்றும் ஆப்பரேட்டர். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்துத் தானே அளவு பார்க்கக் கற்றுக்கொண்டால் மதிப்பு கூடும். அடுத்த படி செட்டர்: டிராயிங்கைப் படித்து, எந்த டூலை எங்கே பூட்டுவது, எவ்வளவு கழிப்பது என்று மெஷினைத் தயார்செய்து கொடுப்பவர். அதற்கும் மேலே சி.என்.சி. புரோகிராமர். ஆப்பரேட்டருக்கு ஆள் கிடைப்பார். நல்ல செட்டருக்குத்தான் பட்டறைகள் ஏங்குகின்றன. பல ஆண்டுகள் ஆப்பரேட்டராகவே நின்றுவிடுகிறவர்களுக்கும் இரண்டே ஆண்டில் செட்டர் ஆகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் டிராயிங் படிக்கத் தெரிவதுதான். பவுண்டரி வேலை இன்னும் கடினம். மணல் அச்சு எடுக்கும் மோல்டர், கோர் போடுபவர், உலை பார்ப்பவர் எல்லாருக்கும் வெக்கையும் தூசியும் சகஜம். அதனாலேயே உள்ளூர்ப் பிள்ளைகள் அதில் குறைந்து, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள்.

எல்லையின் மறுபுறம் கதை வேறு மாதிரி தொடங்கியது. கோவையில் தனியார் முதலாளிகள் செய்ததைக் கஞ்சிக்கோட்டில் அரசு செய்தது. 1974இல் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் தன் பாலக்காட்டு ஆலையில் கட்டுப்பாட்டு வால்வுகள் செய்யத் தொடங்கியது. 1976இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் வந்தது. 1984இல் வாளையாரில் மாநில அரசின் மலபார் சிமெண்ட்ஸ் உற்பத்திக்கு வந்தது. 1987இல் திரவ ஓட்டத்தை அளக்கும் கருவிகளைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 2010இல் பி.இ.எம்.எல். நிறுவனம் தன் ஆலையைத் திறந்தது. இவற்றைச் சுற்றி உருக்கு உருளை ஆலைகள், உணவுப்பொருள், பிளாஸ்டிக், ரப்பர் நூல் ஆலைகள் என்று தனியார் சேர்ந்துகொண்டார்கள். கேரளத்தில் கொச்சிக்கு அடுத்த பெரிய தொழிற்பகுதியாகக் கஞ்சிக்கோடு எண்ணப்படுகிறது. 2015இல் பாலக்காட்டுக்கு ஐ.ஐ.டி. கிடைத்தபோது அதுவும் இதன் பக்கத்திலேயே இடம்பிடித்தது.

ஆனால் இந்தப் பகுதிக்கு அறிவிப்புகளைக் கேட்டு ஏமாந்த வரலாறும் உண்டு. 2008 ரயில்வே பட்ஜெட்டில் கஞ்சிக்கோட்டுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலை அறிவிக்கப்பட்டது. நிலம் ஒதுக்கி, 2012இல் அடிக்கல்லும் நாட்டினார்கள். தொழிற்சாலை வரவே இல்லை. 2000 வாக்கில் தொடங்கிய பெப்சி ஆலை 2020இல் மூடப்பட்டது. பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் பிளாச்சிமடாவில் 2000இல் தொடங்கிய கொக்கக்கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சி, சுற்றுவட்டக் கிணறுகளைக் கெடுத்துவிட்டதாக 2002இல் போராட்டம் வெடித்தது. முன்னணியில் நின்றவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வேலை இழந்தவர்களிலும் தண்ணீர் இழந்தவர்களிலும் தமிழ் பேசுபவர்கள் இருந்தார்கள். இந்த மண்ணில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை விட்டுவிட்டுப் பேச முடியாது. கஞ்சிக்கோடு மலம்புழா அணையை நம்பியிருக்கிறது. கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி அணை இருப்பதும் பாலக்காடு மாவட்டத்தில்தான். 2025 தொடக்கத்தில் அதே மாவட்டத்து எலப்புள்ளியில் மது ஆலைக்கு அனுமதி கிடைத்தபோது எழுந்த எதிர்ப்பும் தண்ணீரை வைத்துத்தான்.

புதிய அறிவிப்பு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை நாடு முழுவதும் 12 தொழில் நகரங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றில் ஒன்று பாலக்காடு. சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தைக் கோவை வழியாகக் கொச்சிவரை நீட்டும் திட்டத்தின் பகுதி இது. புதுசேரிப் பக்கம் 1,710 ஏக்கர், மதிப்பீடு 3,806 கோடி ரூபாய், எதிர்பார்க்கும் வேலைகள் சுமார் 51,000. மருந்து, ரசாயனம், உலோகப் பொருள், ரப்பர், பிளாஸ்டிக், உயர் தொழில்நுட்பம் ஆகியவை இங்கே வரும் என்கிறது திட்டம். 51,000 என்பது எதிர்பார்ப்பு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. நிலம் எடுத்து, சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, அதன்பிறகு கம்பெனிகள் வந்து, கட்டி, ஆள் எடுக்க ஆண்டுகள் பிடிக்கும். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் படிப்பைத் திட்டமிட அந்த எண் உதவலாம். இந்த மாதம் வேலை தேடுபவருக்கு அதனால் பயனில்லை.

கஞ்சிக்கோட்டின் இன்றைய ஆலைகளில் வேலை செய்வது யார்? உருக்காலைகளின் உலையடியில் பெரும்பாலும் வட இந்தியத் தொழிலாளர்கள். கேரளத்தில் அவர்களை ‘அதிதி தொழிலாளி’ என்று அழைக்கிறார்கள். அவர்கள் தங்குவதற்காக மாநில அரசு கஞ்சிக்கோட்டில் 2019இல் 620 பேருக்கான ‘அப்னா கர்’ விடுதியைத் திறந்தது. எலெக்ட்ரீஷியன், பிட்டர், வெல்டர், ஸ்டோர் கீப்பர், தரப் பரிசோதனை, லாரி அனுப்பும் பிரிவு ஆகியவற்றில் பாலக்காட்டு மலையாளிகளோடு சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழர்களும் இருக்கிறார்கள். இந்த இடைநிலை வேலைகளில்தான் எல்லை ஊர்க்காரருக்கு இயல்பான வசதி ஒன்று உண்டு. மூலப்பொருள் கோவையிலிருந்து வருகிறது. அலுவலகக் கடிதங்கள் மலையாளத்தில் போகின்றன. வண்டிக்காரர் தமிழில் பேசுகிறார். தொழிலாளர் துறை அலுவலர் மலையாளத்தில் கேட்கிறார். இரண்டையும் பேசி, இரண்டையும் எழுதத் தெரிந்தவரைச் சூப்பர்வைசராக வைத்துக்கொள்வதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம்தான். கோவையின் பெரிய மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். அங்கே வரும் நோயாளிகளில் கேரளத்தவர் கணிசம் என்பதால், நர்சிங், லேப், வரவேற்பு வேலைகளில் மலையாளம் தெரிந்த தமிழருக்கு எப்போதும் இடமுண்டு.

இரு மொழி தெரிந்த இந்த வசதி இடுக்கி மலைத் தமிழருக்கும் உண்டு. மூணாறுக்குக் கீழே சித்திரபுரமும் பள்ளிவாசலும் வேலைக்காகவே உருவான ஊர்கள். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940 மார்ச்சில் ஓடத் தொடங்கியது, சுற்றிலும் தேயிலை. மின்வாரியமும் எஸ்டேட்டும் இரண்டு மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டன. ஆனால் எஸ்டேட் கூலி எவ்வளவு என்பதை 2015 செப்டம்பரில் நாடே கேட்டது. பொம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாறுப் பெண்கள் தெருவுக்கு வந்தபோது நாள் கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. பேச்சுவார்த்தைக்குப் பிறகு கிடைத்தது 301. அந்தக் கூலிக்கு லயத்தில் (எஸ்டேட் குடியிருப்பு வரிசையில்) பிறந்த பிள்ளைகள் கொழுந்து பறிக்கத் தயாரில்லை. சுற்றுலா விடுதிகளும் ஜீப் ஓட்டமும் கொஞ்சம் பேரை மலையிலேயே நிறுத்திவைக்கின்றன. ஆனால் மழைக்காலத்தில் சாலை சரிந்தால் அந்த வருமானமும் சரியும். 2018 வெள்ளமும் 2020 ஊரடங்கும் அதைக் காட்டின. மற்றவர்கள் மறையூர், உடுமலை வழியாகத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்குகிறார்கள். தமிழ் வழியில் படித்து மலையாளம் பேசி வளர்ந்த இவர்களுக்குத் திருப்பூரின் தையல் மெஷினைவிட இந்த எல்லைப் புறநகர் பொருத்தமான இடம். பலருக்கு அது தெரிவதில்லை. ஊர்க்காரர் ஒருவர் முன்னே போன இடத்துக்கே பின்னே எல்லோரும் போவது மலை வழக்கம்.

படிப்பில் எது பயன்படும் என்பதற்குப் பட்டறைக்காரர்களே பதில் சொல்வார்கள்: ஐ.டி.ஐ. பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் பிரிவுகள் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. கோவை மேட்டுப்பாளையம் சாலையிலும் மலம்புழாவிலும் இடுக்கியின் கட்டப்பனையிலும் அரசு ஐ.டி.ஐ.கள் உள்ளன. முடித்ததும் நேரே வேலைக்குப் போவதைவிட ஓராண்டு அப்ரண்டிஸ் செய்வது பின்னால் கைகொடுக்கும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் உள்ள விதி. கஞ்சிக்கோட்டுப் பொதுத்துறை ஆலைகள் இதற்குத் தக்க இடம். பெரிய ஆலை ஒன்றில் கற்ற ஒழுங்கு, சிறு பட்டறையில் பத்து ஆண்டு இருந்தாலும் வராது.

எல்லை என்பதால் சில சிக்கல்களும் உண்டு. கல்லூரியில் படிப்பவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாய், தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலோ அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான். மூணாறிலோ சித்தூரிலோ தமிழ் வழியில் படித்தாலும் கிடைக்காது. கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு அரசு வேலையின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. தமிழ்நாட்டுச் சான்றிதழுக்குக் கேரளத்திலும் அதே நிலை. மறுபக்கம், பாலக்காடு, இடுக்கி போன்ற மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் பணியிடங்களுக்குக் கேரள பி.எஸ்.சி. தனியே அறிவிப்பு வெளியிடுகிறது. போட்டியிடுவோர் எண்ணிக்கை பொதுப் பட்டியலைவிடக் குறைவு. இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவர் அந்த அறிவிப்பைத் தவறவிடக் கூடாது.

போக்குவரத்து இந்த வேலைச் சந்தையின் நரம்பு. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே பாசஞ்சர் ரயில்கள் போத்தனூர், எட்டிமடை, வாளையார், கஞ்சிக்கோடு நிலையங்களில் நின்று போகின்றன. சீசன் டிக்கெட் இருந்தால் பேருந்துச் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். மதுக்கரையிலிருந்து கோவையின் மேற்குப் புறவழிச்சாலைப் பணிகள் 2023இல் தொடங்கின. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது வாளையார் வணிகவரிச் சோதனைச்சாவடி போனது. அதுவரை லாரிகள் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் காத்துக் கிடந்த இடம் அது. அந்த வரிசையை நம்பிய சாப்பாட்டுக் கடைகளும் கிளியரிங் ஆட்களும் பிழைப்பிழந்தார்கள்; பதிலாகச் சரக்கு வேகமாக ஓடி, கிடங்கு வேலைகள் பெருகின. ஒரு சட்டம் ஒரே நாளில் ஒரு தொழிலை அழித்து இன்னொன்றை வளர்த்ததற்கு வாளையார் நல்ல உதாரணம். 2020 மே மாதம் ஊரடங்கின்போது அதே இடத்தில் பாஸ் இல்லாமல் சிக்கித் தவித்தவர்களை நினைத்தால், எல்லை தாண்டி வேலை செய்வதில் உள்ள அபாயமும் விளங்கும்.

பெண்களுக்கு இங்கே வேலை குறைவில்லை: பம்ப் மோட்டார் சுற்றுதல், எலெக்ட்ரானிக் அசெம்பிளி, உணவுப்பொருள் பேக்கிங், நூற்பாலை. நூற்பாலையில் மட்டும் எச்சரிக்கை தேவை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து, கடைசியில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன வழக்கம் கொங்கு வட்டாரத்தில் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. சம்பளத்தை மாதம்தோறும் தராமல் கடைசியில் தருவோம் என்று சொல்லும் எந்த இடத்தையும் தவிர்ப்பதே சரி. விடுதி உண்டு என்று சொன்னால், வெளியே போய்வர அனுமதி உண்டா, போன் வைத்துக்கொள்ளலாமா என்று சேரும் முன்பே கேட்க வேண்டும்.

காண்டிராக்ட் ஆளாகச் சேர்பவர்கள்தான் இரு மாநிலத்திலும் அதிகம். கம்பெனியின் பெயர் வாசலில் பெரிதாக இருக்கும். சம்பளம் தருவது காண்டிராக்டர். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பி.எஃப். கட்டாயம். இரண்டும் மத்திய அரசின் ஏற்பாடுகள் என்பதால் எல்லை ஒரு தடையில்லை: கஞ்சிக்கோட்டில் வாங்கிய யு.ஏ.என். (பி.எஃப். கணக்கின் பொது எண்) குறிச்சியிலும் தொடரும். கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேரளத்தில் பதிவான தொழிலாளியும் சிகிச்சை பெறலாம். சேரும் வாரத்திலேயே இ.எஸ்.ஐ. எண்ணையும் யு.ஏ.என். எண்ணையும் காண்டிராக்டரிடம் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாதம் பி.எஃப். பாஸ்புக்கைப் போனில் திறந்து பாருங்கள். பிடித்த பணம் அதில் ஏறவில்லை என்றால், அந்தக் காண்டிராக்டரிடம் மூன்றாம் மாதம் வேலை செய்யாதீர்கள்.